பக்கத்து வீட்டுத் தூசி

அந்தச் சுருள் விண்மீன் மண்டலம் நமக்குப் பக்கத்து வீடு மாதிரி. ஆனால் நடுவில் விண்வெளித் தூசி மறைக்கிறது. பதினோரு இரவு மொட்டைமாடியில் டெலஸ்கோப்போடு கண்விழித்தும் என் படங்களில் மங்கலான ஒரு கறைதான் விழுந்தது. பன்னிரண்டாம் இரவு எடுத்ததைக் காலையில், வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் திறந்து பார்த்தேன். சுருள் கைகள் அத்தனையும் துடைத்துவிட்டதுபோல் தெரிந்தன.

மாடியில் துணி எடுத்துவிட்டு இறங்கிய மனைவி கேட்டாள்.

"நேத்து படம் எடுக்கலையா? டெலஸ்கோப்புல மூடி போட்டபடியே இருக்கு."

"எடுத்தேனே."

"தூக்கக் கலக்கத்துல கழட்ட மறந்திருப்பீங்க."

மூடியோடு எடுத்தால் படம் கன்னங்கரேலென்றுதான் இருக்கும். மேலே போய் மூடியைக் கழற்றினேன். உள்பக்கம் சாம்பல் நிறத்தில் தூசி அப்பியிருந்தது. தட்டினேன், கொட்டியது. மறுபடி தட்டினேன், மறுபடியும் கொட்டியது.

"பெருக்கிப் பெருக்கியே இடுப்பு ஒடியுது, இதுல நீங்க வேற" என்று அவள் துடைப்பத்தை எடுத்தாள். நான் லீவு சொல்லிவிட்டு வாளி பிடித்தேன். மூடி என் உள்ளங்கை அகலம்தான். சாயங்காலத்துக்குள் ஒன்பது வாளி நிறைந்துவிட்டது.

"யார் வீட்டுத் தூசிங்க இது?" என்றாள்.

பத்தாவது வாளியை மூடிக்கு அடியில் வைத்தேன்.