கல்லில் இருப்பவர்

பதினோரு வருடம் எதிரியின் கோட்டையில் சிறைப்பட்டுக் கிடந்த கில்பர்ட் பிரபு ஸ்காட்லாந்துக்குத் திரும்பியபோது, ஊர்த் தேவாலயத்தில் அவருடைய கல்லறைக்கு ஏழு வயது ஆகியிருந்தது. அவர் செத்துப்போனார் என்று வந்த செய்தியை நம்பி மனைவி மாரியட் கட்டிய வெற்றுக் கல்லறை. அதன்மேல் கல்லில் செதுக்கிய கில்பர்ட், கவசமும் இளமையும் குறையாமல், கைகூப்பிப் படுத்திருந்தார். காலடியில் ஒரு கல் நாய். திரும்பி வந்த மறுநாள் காலையிலேயே அந்தக் கல்லறையை உடைத்துப்போட, சம்மட்டியோடு கல்தச்சனைக் கூட்டிக்கொண்டு கில்பர்ட் தேவாலயத்துக்குப் போனார். உள்ளே, அவர் சிறைப்பட்ட பிறகு பிறந்த மகள் யூஃபீமியா, கல்லின் நெற்றியில் முத்தமிட்டுவிட்டு, வீட்டில் குதிரை குட்டி போட்ட கதையை அதனிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். கல்தச்சனை வாசலிலேயே நிறுத்திவிட்டு அவர் அருகில் போனார்.

"நான்தாம்மா உன் அப்பா."

அவள் அவருடைய வலது கையை எடுத்துப் பார்த்தாள். சிறையின் பனி தின்றது போக மூன்று விரல்களே மிச்சம்.

"எங்கப்பாவுக்கு அஞ்சு விரலும் இருக்கு," என்றாள், அவர் மனம் நோகாதபடி மெதுவாக. கையை உடனே விட்டுவிடவில்லை. "ஆனா, அவர் கை மாதிரியே சில்லுனு இருக்கு."

"ஆரம்பிக்கலாமா பிரபு?" என்று வாசலிலிருந்து கல்தச்சன் கேட்டான்.

யூஃபீமியா தான் உட்கார்ந்திருந்த பலகையில் கொஞ்சம் நகர்ந்து, அவர் உட்கார இடம் விட்டாள். "குட்டி எழுந்து நின்னது வரைக்கும் அப்பாகிட்ட சொல்லியாச்சு," என்றாள். "நீங்களும் கேளுங்க."