ஒன்பது வருடத்துக்கு ஆதாரம்

கொட்டாஞ்சேனை அச்சகத்தின் மாடி அலுவலகம். கீழே கடதாசி வெட்டும் மெஷினின் கத்தி இறங்கும்போதெல்லாம் மேசைக் கண்ணாடி நடுங்குகிறது. ஓய்வூதியக் கணக்குத் தாளைத் தவராசா திருப்பித் தள்ளுகிறார். "இருபத்திரண்டு இல்லை பிள்ளை, முப்பத்தொரு வருசம்." கணக்குப் பார்க்கும் மேனுகா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "சிஸ்டத்தில ரெண்டாயிரத்து மூண்டு எண்டுதான் இருக்கு அங்கிள். நியமனக் கடிதமும் அந்த வருசம்தான்." "அது அச்சகம் வத்தளையிலயிருந்து இங்க வரேக்க எல்லாருக்கும் புதுசாத் தந்த கடிதம். அதுக்கு முதல் வத்தளையில ஒன்பது வருசம் வேலை செய்தனான்." "அதுக்கு ஏதும் ஆதாரம் இருக்கா?" வத்தளைப் பதிவேடுகள் வெள்ளத்தில் போனது இருவருக்கும் தெரியும். ஜன்னல் வெயில் மேசைக் கண்ணாடியில் பட்டுக் கண்ணைக் குத்துகிறது. கையெழுத்துக்காக அவள் நீட்டும் பேனையை அவர் தொடவில்லை. இடது கையைத் தாளின்மேல் விரித்து வைக்கிறார். சுட்டுவிரல் பாதியோடு முடிந்து, நுனி மழுங்கிப் பளபளக்கிறது. "தொண்ணூற்றேழு, வத்தளை. இப்ப கீழ ஓடுற இதே மெஷின்தான்." மறுபடியும் கத்தி இறங்குகிறது. மேனுகா தன் விரல்களை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொள்கிறாள்.