புல்லில் இறங்காத இருவர்

“மறுபடியும் புல்லுல நடந்து வர்றியே! சேறு ஒட்டாதா? ரோட்டைச் சுத்தி வந்தா என்ன, கால் தேஞ்சா போகும்?”

மகள் தண்ணீர் பாட்டிலை அப்பாவின் கையில் திணித்தாள்.

“சேறா? மண்ணு காஞ்சு கல்லாட்டம் கெடக்கு. முதல்ல நீங்க இறங்குங்கப்பா. முன் வரிசையில உங்களுக்கு நாற்காலி போட்டு வச்சிருக்காங்க.”

“இறங்கறேன், இறங்கறேன். இப்ப என்ன, ரயிலா கிளம்பிடப் போகுது?”

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தார் ரோட்டின் ஓரத்தில் அப்பாவும் இன்னொரு கிழவரும் கைத்தடியை ஊன்றிக்கொண்டு நட்ட மரம் மாதிரி நின்றார்கள். எதிரே பச்சைப் பசேலென்று புல்வெளி. அதன் நடுவே நினைவுக்கல். கல்லைச் சுற்றிக் கொடிகள், நாற்காலிகள், கோட்டுப் போட்ட பெரிய மனிதர்கள். ஊரே புல்லில் உட்கார்ந்திருந்தது. யாருக்காக இந்த விழாவோ, அவர்கள் இரண்டு பேர் மட்டும் ரோட்டில்.

சண்டை முடிந்து ஐம்பது வருஷம். அன்று கடல் தாண்டி இங்கே வந்து போரிட்ட அந்தப் படைப்பிரிவில் இன்று மிச்சம் அப்பாவும் அவருடைய சிநேகிதர் மீசை மாமாவும்தான். செத்துப்போன கூட்டாளிகளின் பெயரெல்லாம் அந்தக் கல்லில் வெட்டியிருக்கிறது. இவர்கள் கையால் அதற்கு மலர் வளையம் வைக்க வேண்டும் என்றுதான் அழைத்திருந்தார்கள்.

அழைப்பு வந்த நாளிலிருந்து அப்பா நச்சரித்த நச்சரிப்பு கொஞ்சநஞ்சமல்ல. “கண்ணை மூடறதுக்குள்ள அந்த இடத்தை ஒரு தடவை பாத்துடணும்மா.” அந்தச் சண்டையைப் பற்றி வீட்டில் ஒரு நாளும் வாய் திறந்தவரல்ல. அவரே கேட்கிறாரே என்று, மருந்துக்கடை முதலாளியோடு மல்லுக்கட்டி விடுப்பு வாங்கினாள். “உங்கப்பாகூட சண்டை போட வெளிநாடு வேற போகணுமா? அதை வீட்டுலயே பண்றியே” என்றார் கணவர். அவர் சொன்னதில் தப்பே இல்லை.

விமானத்தில் ஜன்னல் பக்கம் யாருக்கு என்று இரண்டும் அடித்துக்கொண்டன. ஓட்டல் அறையில் யார் குறட்டை விட்டது என்று காலையில் பஞ்சாயத்து. மீசை மாமா பல்செட்டை ஊறப்போட்டிருந்த டம்ளர் தண்ணீரை அப்பா குடித்துவிட்டு, “தண்ணி ஏன்டா புதினா வாசம் அடிக்குது?” என்று கேட்டதும் நடந்தது. அத்தனையையும் பொறுத்தாயிற்று. இப்போது இது.

“மாமா, நீங்களாவது சொல்லுங்க.”

“எனக்கு முட்டி பிடிச்சிருக்கும்மா” என்றார் மீசை மாமா.

“பஸ்ஸை விட்டு இறங்கறப்போ குதிச்சீங்களே!”

“அதுலதான் பிடிச்சுது.”

“நீங்கப்பா?”

“ஷூவுக்கு இப்பத்தான் பாலிஷ் போட்டிருக்கு.”

“போட்டது நான்! அழுக்கானா மறுபடியும் நானே போடறேன். வாங்க!”

அப்பா நகரவில்லை. “அந்தப் பெரிய அதிகாரி பேசி முடிக்கட்டும். என்ன சொல்றார்னு கேட்டுட்டுப் போலாம்.”

“பேச்சு முடிஞ்ச கையோட வளையம் வைக்கணும். அப்ப நீங்க அங்க இல்லேன்னா வேற யாரையாவது விட்டு வச்சிடுவாங்களாம். மொழிபெயர்க்கிற அம்மா கண்டிப்பா சொல்லிட்டாங்க. இத்தனை தூரம் வந்து, உங்க சிநேகிதங்களுக்கு யாரோ ஒருத்தர் பூ வைக்கிறதை ரோட்டுல நின்னு வேடிக்கை பாக்கப்போறீங்களா?”

மீசை மாமாவின் கண் கலங்கியது. கால் மட்டும் அசையவில்லை.

“எக்கேடோ கெடுங்க!” விருட்டென்று திரும்பிப் புல்லில் இறங்கினாள்.

“ஏய், ரோட்டு வழியா போம்மா!” அப்பாவின் குரல் துரத்தியது. காதில் வாங்காமல் போனாள். மொழிபெயர்க்கிற அம்மாளின் கையைப் பிடித்துக் கெஞ்சினாள்: “பெரியவங்க, கொஞ்சம் பிடிவாதம். ஒரு அஞ்சு நிமிஷம் பொறுத்துக்குங்க. கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டாவது வந்துடறேன்.”

புல்லில் திரும்பி வரும்போது, ரோட்டுக்குப் பத்தடி இருக்கையில் ஒலிபெருக்கி கரகரத்தது. அதிகாரி பேசத் தொடங்கிவிட்டார். குறுக்கே நடப்பது மரியாதையாக இருக்காதே என்று அங்கேயே நின்றாள். அவர் ஒரு வாக்கியம் பேச, அதை அந்த அம்மாள் தமிழில் சொன்னாள்.

“அன்று இந்த மண்ணில் யாரும் கால் வைக்க முடியாது. எங்கு பார்த்தாலும் கண்ணிவெடி. வருஷக்கணக்கில் பாடுபட்டு, இருநூற்றுப் பன்னிரண்டு வெடிகளையும் தோண்டி எடுத்துவிட்டோம். இன்று எங்கள் பிள்ளைகள் இங்கே பந்து விளையாடுகிறார்கள்!”

படபடவென்று கைதட்டல்.

“எத்தனைன்னு சொன்னா?” அப்பா மீசை மாமாவின் தோளைப் பிடித்து உலுக்கினார்.

“இருநூத்திப் பன்னெண்டு” என்றார் மீசை மாமா.

மகளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. “அடக் கடவுளே, இதுக்குத்தானா ரெண்டு பேரும் பயந்து செத்தீங்க? அதான் எல்லாத்தையும் எடுத்துட்டாங்களாமே! இப்பவாவது வாங்கப்பா!” என்று ஓர் அடி எடுத்து வைக்கப் போனாள்.

“அப்படியே நில்லு! காலைத் தூக்காத!”

இத்தனை வயதுக்கு அப்பாவிடமிருந்து அப்படியொரு குரலை அவள் கேட்டதில்லை. தூக்கப்போன கால் தானாக நின்றது.

“புதைச்சதே நாங்க ரெண்டு பேரும்தாம்மா,” என்றார் அப்பா. “கணக்குல ஒண்ணு குறையுது.”