தகரத்தை மட்டும் தேடி வந்த சூறாவளி

தையல்காரியின் கடையில் இன்று வெளிச்சத்துக்குக் குறைவில்லை, கூரை தெருவில் கிடக்கிறது. போன மாதம் அந்தத் தகரத்தைப் போட்டுக் கொடுத்த அவளுடைய அக்காள் புருஷன் வாசலில் நின்று வானத்தைக் கைகாட்டுகிறார். "சூறாவளிம்மா. காலையில அடிச்சது சாதாரண காத்தா? மனுஷன் என்ன பண்ண முடியும்?" அவள் மேசையைப் பார்க்கிறாள். நேற்று வெட்டி வைத்த சட்டைக் கைகள் இரண்டும் வைத்தது வைத்தபடி இருக்கின்றன. கோடு போடும் சாக்கட்டியின் தூள்கூடக் கலையவில்லை. எதிர்வீட்டுக் கொடியில் ஒரு கைக்குட்டை ஒற்றைக் கிளிப்பில் சொகுசாகத் தொங்குகிறது.

தெருவில் கிடக்கும் தகரத்தை அவள் செருப்புக் காலால் புரட்டுகிறாள். ஓரமெல்லாம் ஓட்டைகள் இருக்கின்றன, ஸ்க்ரூ ஒன்றுதான் இருக்கிறது. மேற்கே மேகம் கறுத்துக்கொண்டு வருகிறது. கடைக்குள் தையல் மிஷின் திறந்த வானத்தின் கீழ் நிற்கிறது.

"நான் வாங்கிக் குடுத்த மீதி ஸ்க்ரூவையும் சூறாவளிதான் கழட்டிட்டுப் போச்சா, மாமா?"

"இருக்கும்மா. அது அடிச்ச அடி அப்படி."

அவள் குரலை உயர்த்தவில்லை. "சரி, சூறாவளின்னே வச்சுக்குவோம். சூறைன்னா காத்து மட்டும் இல்ல, கொள்ளைக்கும் அதுதான் பேரு. காத்து வந்துட்டுப் போயிடுச்சு. இன்னொண்ணு என் வாசல்ல நின்னு பேசிட்டிருக்கு."

அவர் கைக்குட்டையைப் பார்க்கிறார். அது அசையவில்லை. மிஷின் மேல் முதல் துளி விழுந்து தெறிக்கிறது. அவள் ஏணியை இழுத்து வந்து அவர் முன்னால் சாய்க்கிறாள்.

"ஏறுங்க."