டேக் படித்த லைன்

ஆய்வுக்கு வந்த வெளிநாட்டு அம்மணி மெர்சியின் மெஷின் முன்னால் வந்து நின்றார்.

பின்னால் முதலாளி. அவருக்குப் பின்னால் சூப்பர்வைசர் துரைசாமி. எல்லாருக்கும் பின்னால், எல்லாரையும்விட உயரமாக எக்கிக்கொண்டு, ஆங்கிலப் பயிற்றுநர் ஜெயப்பிரகாஷ்.

மெர்சி ஷூவுக்கு நாக்கு தைப்பவள். லேசுக்கு அடியில் காலை மூடிக்கொண்டு கிடக்குமே, அது.

மெஷின் ஓரத்தில் அவளுடைய தண்ணீர் பாட்டில் கழுத்துவரை நிறைந்திருந்தது. தினமும் ஆம்பூர் பஸ்ஸில் நிறைந்து வரும், நிறைந்தே திரும்பும்.

நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லி வேலூர் டாக்டர் இரண்டு முறை எழுதிக் கொடுத்தாகிவிட்டது. இனியும் அடக்கினால் கிட்னி போய்விடும் என்றும் சொல்லியாகிவிட்டது. பாவம், டாக்டருக்கு டோக்கன் விஷயம் தெரியாது.

லைன் முழுவதற்கும் ஒரே டோக்கன். உள்ளங்கை அகலத் தோல் துண்டு. ‘டாய்லெட், லைன் நாலு’ என்று ஆங்கிலத்தில் சூட்டு முத்திரை. துரைசாமியின் மேஜைக்குப் பக்கத்து ஆணியில் தொங்கும். போகிறவள் அவர் பார்க்க எடுத்துக்கொண்டு போக வேண்டும். வந்து மாட்ட வேண்டும். ஆணி காலியாக இருந்தால் அடக்கிக்கொண்டு தைக்க வேண்டும்.

போன வாரம் டோக்கன் காணாமல் போனது. புதுசு வெட்டி வரும்வரை எவளும் எழுந்திருக்கக் கூடாது என்றார் துரைசாமி. மத்தியானம்தான் வந்தது.

இன்று அந்தப் புதுசும் இல்லை. ஆய்வு நாளில் மட்டும் ஆணிக்கு ஒரு காலண்டர் கிடைக்கும்.

நேற்று கேன்டீனில் வகுப்பு. மொழிபெயர்க்க ஆள் வைத்தால் ஆய்வாளருக்குச் சந்தேகம் வருமாம். தொழிலாளியே இங்கிலீஷில் சொல்லிவிட்டால் அது உண்மையாகிவிடுமாம்.

ஜெயப்பிரகாஷின் விசிட்டிங் கார்டில் பட்டங்களை விலக்கிவிட்டுத்தான் பெயரைத் தேட வேண்டும். அவர் பலகையில் ‘டேக்’ என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டார்.

“இந்த ஒரு வெர்ப் போதும். உங்க வாழ்க்கையே மாறிடும்.”

டேக் ரெஸ்ட் என்றால் ஓய்வெடு. டேக் லீவ் என்றால் விடுப்பெடு. டேக் அ சீட் என்றால் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போகக் கூடாது, உட்கார வேண்டும். இதற்கு அவரே சிரித்துக்கொண்டார்.

“லீவு எடுக்கறது எங்களுக்குத் தெரியும் சார்” என்றாள் ஷஹீன் பானு. முடிந்த ஷூவைச் சோதித்து ஸ்டிக்கர் ஒட்டுகிறவள். “குடுக்கறதுக்கு இன்னா வெர்ப்னு தொரைசாமி சாருக்குச் சொல்லிக் குடுங்க.”

கேன்டீன் சிரித்தது. துரைசாமி சிரிக்கவில்லை.

பிறகு மனப்பாட வாக்கியம். ‘ஐ டேக் அ பிரேக் வென் ஐ நீட்.’ எனக்கு வேண்டும்போது நான் இடைவேளை எடுத்துக்கொள்கிறேன். கான்வென்டில் படித்தவள் என்பதால் அதைச் சொல்லும் பாக்கியம் மெர்சிக்குக் கிடைத்தது.

“சொதப்பினா ஆர்டர் போய்டும். அதுக்கு முன்னாடி நீ போய்டுவ” என்றார் துரைசாமி.

“எடுத்துக்கறேன்னு சொல்லணும், அவ்ளோதானே சார்?”

இப்போது அம்மணி கேட்டார், இங்கே இடைவேளை ஒழுங்காகக் கிடைக்கிறதா என்று.

மெர்சி எழுந்து நின்றாள். “ஐ டேக் அ பிரேக் வென் ஐ நீட், மேடம்.”

ஜெயப்பிரகாஷ் கூடவே உதட்டை அசைத்தார். திருத்துவதற்கு அவருக்கே ஒன்றும் கிடைக்கவில்லை. அம்மணி தாளில் ஒரு டிக் அடித்தார்.

அடுத்து பெட்டி வந்தது. வருகிற பெரிய மனிதருக்கு அவர் காலளவில் ஒரு ஜோடி ஷூ தைத்துக் கொடுப்பது இங்கே வழக்கம். ஆய்வாளர்கள் பரிசு வாங்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. ஆகவே இதற்குப் பெயர் சாம்பிள். காலளவு மெயிலில் முன்கூட்டியே வந்துவிடும். லைன் நாலில் போன வாரமே தைத்தாகிவிட்டது.

எடுத்துக்கொள்ளலாமா என்று அம்மணி ஒரு மரியாதைக்குக் கேட்டார்.

“டேக், மேடம், டேக்” என்று முந்திக்கொண்டார் ஜெயப்பிரகாஷ். முதலாளி ஸ்டூலைக் காட்டினார். போட்டுப் பார்க்கும்போது படம் எடுக்க துரைசாமி போனைத் தூக்கிப் பிடித்தார்.

அம்மணி வலது ஷூவின் லேசை அவிழ்த்தார். ஷஹீன் பானு போட்ட முடிச்சு, கொஞ்சம் நேரம் பிடித்தது.

மெர்சி உட்கார்ந்து, பாட்டிலின் மூடியைத் திருகினாள்.

அம்மணி நாக்கை வெளியே இழுத்தார். திருப்பிப் பார்த்தார். புதுத் தோலாக இருக்க வேண்டிய அதன் உள்பக்கம், பலர் கை பட்டுக் கறுத்துப்போன பழைய தோலாக இருந்தது. தையல் மட்டும் புதுசு, ஒரு இழை பிசகாத தையல். நடுவில் எழுத்து. அம்மணி கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு சத்தமாகப் படித்தார்.

“டாய்லெட். லைன் ஃபோர்.”

பிறகு இது என்ன என்று கேட்டார்.

முதலாளி துரைசாமியைப் பார்த்தார். துரைசாமி ஜெயப்பிரகாஷைப் பார்த்தார். ஜெயப்பிரகாஷுக்கு அந்த நேரத்தில் எந்த வெர்பும் வரவில்லை.

லைனில் மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. அந்த அமைதியில் மெர்சி தண்ணீர் குடிக்கும் சத்தம் கேட்டது. நிறுத்தாமல், அவசரப்படாமல், பாட்டில் காலியாகும்வரை குடித்தாள்.

பிறகு எழுந்தாள். துரைசாமியின் மேஜையைத் தாண்டி, காலண்டரைத் தாண்டி, எதையும் எடுக்காமல் நடந்தாள்.