மேடைக்கு ஏழு படி

கல்யாண வரவேற்பு மேடைக்கு ஏழு படிகள். வாழ்த்த வந்தவர்களின் வரிசை மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. சக்கர நாற்காலியில் வந்த பர்வீனைப் பார்த்ததும் நான்கு பேர் ஓடிவந்தார்கள். நல்லவர்கள்தான்.

"ஒரு நிமிஷம்க்கா, தூக்கிடலாம்."

பர்வீன் சக்கரங்களை இறுகப் பிடித்துக்கொண்டாள். "வேணாம். கீழேருந்தே பாத்துட்டுப் போயிடறேன்."

மணப்பெண் இளவேணி எழுந்தாள். பட்டுப்புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்து, மாப்பிள்ளையையும் இழுத்துக்கொண்டு இறங்கிவந்து தோழியின் பக்கத்தில் நின்றாள்.

"இங்க லைட் இல்லைங்களே," என்றார் போட்டோகிராபர்.

"லைட்டத் தூக்கிட்டு வாங்கண்ணா."

லைட் இறங்கியது. படிகளில் நின்ற வரிசையும் திரும்பி இறங்கியது. அப்போது, வந்ததிலிருந்து பின்னால் நாற்காலிகளிலேயே இருந்த முட்டிவலிக்காரர்கள், மடியில் வைத்திருந்த பரிசுகளை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவராக எழுந்தார்கள்.