வாய் திறக்காத பாட்டு

"வாயைத் திறக்காமலே ஒரு முழுப்பாட்டுப் பாடினவன் நான். ஸ்டூடியோ மரத்துக் காக்கை நாற்பதும் சுருதி சேர்ந்து கரைஞ்சுது!" என்றார் சிங்கார பாகவதர்.

"எண்ணினது யாரு பாகவதரே?" என்று கிளப்பில் சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள்.

"ஒண்ணு பறந்து போச்சு. அதுக்கு ஞானம் போதாது."

அது நடந்தது அவருடைய கடைசிப் படத்தில். பதினாறு வருஷ குருகுலக் குரல் பழசாகிவிட்டதென்று, முதலாளி வேறொரு வாலிபனைப் பாடவைத்து இசைத்தட்டு எடுத்துவிட்டார். பாகவதர் அதற்கு வாயசைத்தால் போதுமாம். ராஜா வேஷத்தில் அரியணையில் உட்கார்ந்தவர், இன்னொருவன் குரலுக்கு அசைய மாட்டேனென்று உதட்டை இறுக மூடிக்கொண்டார். டைரக்டர் கையசைத்தார். ஒலிபெருக்கியில் பாட்டு எழுந்தது. வாலிபன் குரல் இல்லை, பாகவதருடையது! அவர் மெல்லத் தன் தொண்டையைத் தொட்டுப் பார்த்தார். அது சும்மா கிடந்தது. பாட்டோ மேல் ஸ்தாயிக்குப் போய்க்கொண்டிருந்தது.

"இன்னிக்கும் என் குரலைக் கேட்டா எனக்கே பயம்" என்றார் பாகவதர், சிரிக்காமல்.

"இதிலென்ன அதிசயம்? தட்டுப் போடுற மெஷின்ல இருந்தவர் உம்ம பழைய தட்டை மாத்திப் போட்டிருப்பார்" என்றார் சீட்டாடியவர்களில் ஒருவர்.

அன்று மெஷினில் இருந்தவர், அதே மேஜையில் சீட்டாடிக்கொண்டிருந்த அருமைநாயகம். முப்பது வருஷமாக இந்தக் கதையைப் புளுகு என்று தள்ளி வந்தவர் அவர்தான். இப்போது சீட்டை வீசிவிட்டு எழுந்தார்.

"என் தொழில்லே குத்தம் சொல்லாதீங்க! நான் தட்டை மாத்தலே." குரல் இறங்கியது. "தட்டே போடலே. அது என் கையிலதான் இருந்துது."